எலுமிச்சை மணம் தரும் சிட்ரல்

எலுமிச்சைப் பழத்தின் தோலைக் கிள்ளினால் சுள்ளென்று எழும் மணத்துக்குப் பெரும்பங்கு காரணமான பொருள் சிட்ரல். தனியே பிரித்தெடுத்தால் அது வெளிர் மஞ்சள் நிறத்தில் எண்ணெய்ப் பதத்தில் இருக்கும். தண்ணீரில் அநேகமாகக் கரையாமல் மேலே மிதக்கும். சாராயத்தில் எளிதாகக் கரையும். பாத்திரம் துலக்கும் திரவம், குளியல் சோப்பு, ஷாம்பு, தரை துடைக்கும் திரவம், கொலோன், புளிப்பு மிட்டாய், குளிர்பானம் என்று ‘லெமன்’ மணத்தோடு கடைக்கு வரும் சரக்குகள் பலவற்றில் அது இருக்கிறது. தோலுக்கு ஒவ்வாமை தரக்கூடிய வாசனைப் பொருள்களின் பட்டியலிலும் அதன் பெயர் இருக்கிறது. எவ்வளவு சேர்கிறது, உடலின் எந்த இடத்தில் படுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பவற்றைப் பொறுத்தே அதனால் தீங்கு வருமா வராதா என்பது அமைகிறது.

சிட்ரல் மூலக்கூறு ஒன்றில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஆல்டிஹைடு என்னும் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே பெயரில் வழங்கினாலும் அது ஜெரானியல், நெரல் என்ற இரண்டு பொருள்களின் கலவை. இரண்டிலும் இருப்பவை அதே அணுக்கள்தான். ஓர் இரட்டைப் பிணைப்பைச் சுற்றி அவை அமர்ந்திருக்கும் திசை மட்டுமே வேறு. அந்தச் சிறு மாற்றத்தை மூக்கு கண்டுகொள்கிறது. ஜெரானியலின் எலுமிச்சை மணம் காட்டமானது. நெரலின் மணம் சற்று மெலிந்து, இனிப்புச் சாயலோடு இருக்கும். இயற்கையில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுக்கும் எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு லிமோனீன் என்னும் வேறொரு பொருள்தான் இருக்கிறது. சிட்ரல் 2 முதல் 5 விழுக்காடு வரைதான். ஆனால் ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலும் லிமோனீன்தான் மிகப் பெரும்பங்கு. ஆரஞ்சிலிருந்து எலுமிச்சையைப் பிரித்துக் காட்டுவது அந்தச் சிறு பங்கு சிட்ரலே. சில துளிகளே போதும் அளவுக்கு வீரியமான மணம் என்பதால் வாசனைத் தொழிலில் அதற்கு மதிப்பு வந்தது.

சிட்ரல் வேண்டும் என்பவர்கள் எலுமிச்சையைத் தேடிப் போவதில்லை. எலுமிச்சைப்புல்லின் எண்ணெயில் நூற்றுக்கு 70 முதல் 85 பங்கு வரை சிட்ரல் இருக்கிறது. சீனாவில் விளையும் லிட்சியா கியூபேபா என்ற சிறு மரத்தின் பழங்களிலிருந்தும் ஏறக்குறைய அதே செறிவில் எண்ணெய் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காடுகளுக்கு உரிய லெமன் மிர்ட்டில் மரத்தின் இலை எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிட்ரல்தான்.

உலகச் சந்தையில் எலுமிச்சைப்புல் எண்ணெய்க்கு நெடுங்காலம் ‘கொச்சி எண்ணெய்’ என்றே பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் தானாக வளர்ந்த புல்லைக் காய்ச்சி வடித்த எண்ணெய் கொச்சித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் வந்த பெயர் அது. எர்ணாகுளம் மாவட்டத்தின் ஓடக்காலியில் 1951இல் இந்தப் புல்லுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே உருவான ‘சுகந்தி’ என்ற ரகம் இன்றும் பயிரிடப்படுகிறது. கேரளத்தில் இந்த எண்ணெயைப் புல்தைலம் என்பார்கள்; தரை துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு விடுவது அங்கே பல வீடுகளில் வழக்கம். ஊட்டி, கொடைக்கானல் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்தில் சிறு பாட்டில்களில் விற்பனைக்கு இருப்பதும் இதுதான்.

புல்லை நட்டு மூன்று மாதத்தில் முதல் அறுப்பு. அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அறுத்த புல்லைச் சற்று வாடவிட்டு, வடிகலத்தில் நெருக்கமாக அடைத்து, அடியிலிருந்து நீராவியைச் செலுத்துவார்கள். ஆவியோடு சேர்ந்து எண்ணெய் மேலேறி, குளிர்ந்த குழாயில் இறங்கி, பிரிகலத்தில் தண்ணீருக்கு மேலே மஞ்சள் படலமாகத் திரளும். 100 கிலோ பசும்புல்லுக்கு அரைக் கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல்.

எண்ணெய்க்கு விலை வைப்பது அதிலுள்ள சிட்ரலின் அளவை வைத்துத்தான். அதை அளக்கப் பழைய முறை ஒன்று உண்டு. நீண்டு ஒடுங்கிய கழுத்தில் கோடுகள் இட்ட கண்ணாடிக் குடுவையில் 10 மில்லி எண்ணெயை ஊற்றி, சூடான சோடியம் பைசல்ஃபைட் கரைசலைச் சேர்த்துக் குலுக்குவார்கள். சிட்ரல் அந்த உப்போடு சேர்ந்து நீருக்குள் இறங்கிவிடும். மீதி எண்ணெய் மட்டும் கழுத்துக்கு ஏறி நிற்கும். கழுத்தில் நிற்பது இரண்டரை மில்லி என்றால் அந்த எண்ணெயில் 75 விழுக்காடு சிட்ரல். பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் ஒரு சரக்கின் தரத்தை நேருக்கு நேர் காட்டிவிடும் அருமையான சோதனை இது.

சிட்ரலின் தேவை மணத்தோடு நின்றுவிடவில்லை. ஜெர்மானிய வேதியியலார் ஃபெர்டினாண்ட் டீமானும் பால் க்ரூகரும் 1893இல் சிட்ரலை அசிட்டோனோடு வினைபுரியச் செய்து, பிறகு அமிலத்தைச் சேர்த்து, அயோனோன் என்ற பொருளை உருவாக்கினார்கள். அது வயலட் பூவின் மணம் கொண்டது. கூடை கூடையாகப் பூவைப் பறித்தாலும் துளியளவே கிடைத்த மணம், புல்லெண்ணெயிலிருந்து வேண்டிய அளவு கிடைக்கத் தொடங்கியது. அயோனோனின் ஒரு வகையிலிருந்து தொடங்கி, சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ இஸ்லர் குழுவினர் 1947இல் வைட்டமின் ஏ-வைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். எலுமிச்சை வாசனைக்கும் கண் பார்வைக்கான சத்துக்கும் இப்படி ஓர் உறவு ஏற்பட்டது.

இன்று உலகில் புழங்கும் சிட்ரலில் பெரும்பகுதி ஆலையில் தயாராவது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் பெட்ரோலியத்திலிருந்து வரும் ஐசோபியூட்டீனையும் ஃபார்மால்டிஹைடையும் கொண்டு படிப்படியாக அதை உருவாக்குகிறது. மலேசியாவின் குவாந்தானிலும் அதற்குக் கூட்டு ஆலை உண்டு. 2017 அக்டோபர் 31 அன்று லுட்விக்ஸ்ஹாஃபன் சிட்ரல் பிரிவில் தீப்பிடித்தபோது, வாசனைப் பொருள்கள் மட்டுமின்றி வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ ஆகியவற்றின் வரத்தும் உலகெங்கும் தடைபட்டு, கால்நடைத் தீவனத் தொழில் வரை விலையேற்றம் போய்ச் சேர்ந்தது. ஆலையில் பிறந்த சிட்ரலும் புல்லில் விளைந்த சிட்ரலும் மூலக்கூறு அளவில் ஒன்றே. புல்லெண்ணெயில் கூடவே வேறு மணப்பொருள்கள் இருப்பதால் வாசனையில் நுட்பமான வேறுபாடு தெரியும். தோலுக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல.

வாசனைத் திரவியத்தில் சிட்ரல் முதலில் எழுந்து முதலில் மறையும் பகுதியைச் சேர்ந்தது. தெளித்தவுடன் புத்துணர்ச்சி தருவது அதுதான். அளவு சற்றுக் கூடினாலும் மற்ற மணங்களை அமுக்கிவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவத்தின் நினைவைக் கொண்டுவந்துவிடும் என்பதால் கலவை செய்வோர் அதைக் கைநிதானத்தோடுதான் சேர்க்கிறார்கள். நிலைத்து நிற்காத பொருள் அது. காற்றுப்பட்டால் மெல்லச் சிதையும். அமிலத்தில் இன்னும் வேகமாகச் சிதைந்து, பாரா-சைமீன், பாரா-கிரிசால் போன்றவையாக மாறும். பல மாதங்கள் கடையில் கிடந்த எலுமிச்சைக் குளிர்பானத்தில் பழத்தின் மணம் மங்கி மருந்து வாடை தட்டுவதற்கு இதுவே காரணம்.

சிதையாத மாற்று ஒன்று கிடைத்தது. ஜெரானைல் நைட்ரைல் என்ற அந்தப் பொருள் சோப்பின் காரத்தையும் தாங்கி எலுமிச்சை மணத்தைத் தக்கவைத்தது. சோப்பு, சலவைத்தூள் தொழிலில் அதற்கு நல்ல வரவேற்பு. பின்னர் அது மரபணுவைப் பாதிக்கக்கூடியது என்ற கவலை எழுந்து, வாசனைத் தொழிலின் உலக அமைப்பான ‘இஃப்ரா’ அதைத் தடை செய்தது. ஒரு பொருளுக்கு மாற்றாக வருவது அதைவிடத் தீங்கற்றது என்று சோதிக்காமல் நம்புவதற்கில்லை என்பதற்கு வாசனைத் தொழிலிலேயே கிடைத்த சான்று அது.

தேனீக்களும் சிட்ரலைப் பயன்படுத்துகின்றன. வேலைக்காரத் தேனீயின் வயிற்று நுனியில் உள்ள நசோனோவ் சுரப்பி, வழி தவறிய கூட்டாளிகளைக் கூட்டுக்கு அழைக்க வெளியிடும் மணக்கலவையில் ஜெரானியல், நெரல் இரண்டும் இருக்கின்றன. பிரிந்து செல்லும் தேனீக் கூட்டத்தைப் பெட்டிக்குள் வரவழைக்கத் தேனீ வளர்ப்போர் பெட்டியின் உட்புறம் எலுமிச்சைப்புல் எண்ணெயைத் தடவுவது இதனால்தான்.

பாதுகாப்பு என்று வரும்போது, உணவாக உட்கொள்வதையும் தோலில் படுவதையும் தனித்தனியே பார்க்க வேண்டும். உணவைப் பொறுத்தவரை சிட்ரலின் நிலை உறுதியானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பொதுவாகப் பாதுகாப்பானவை என்று ஏற்கப்பட்ட சுவைப்பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. உணவுச் சேர்க்கைகளை ஆராயும் ஐ.நா. நிபுணர் குழு, சிட்ரலுக்கும் அதன் நெருங்கிய உறவுப் பொருள்களுக்கும் சேர்த்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்று வகுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 30 மில்லிகிராம். எலுமிச்சைப்புல் தேநீரோ எலுமிச்சை மிட்டாயோ சாதாரணமாக உட்கொள்வோர் இதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பாட்டிலில் வரும் செறிவான எண்ணெய் வேறு விஷயம். அதைச் சொட்டுச் சொட்டாகக் குடிப்பதும், குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் கூடாது.

புற்றுநோய் அச்சத்துக்கும் விடை தேடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் இரண்டு ஆண்டுகள் தீவனத்தில் சிட்ரல் கலந்து கொடுத்துப் பார்த்து, 2003இல் அறிக்கை வெளியிட்டது. ஆண், பெண் எலிகளிலும் ஆண் சுண்டெலிகளிலும் புற்றுநோய்க்கான சான்று இல்லை. பெண் சுண்டெலிகளில் மட்டும் நிணநீர்ப் புற்று சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததால், உறுதியாகச் சொல்ல முடியாத சான்று என்று வகைப்படுத்தினார்கள். எலிகளின் சில இனங்களில் தோலில் தொடர்ந்து தடவியபோது புராஸ்டேட் சுரப்பி வீங்கியதாகவும் ஆய்வுகள் உண்டு. வேறு இனங்களில் அது நிகழவில்லை.

உண்மையான சிக்கல் தோலில்தான். சிட்ரலின் மூலக்கூறு சிறியது. தோலின் மேலடுக்கை எளிதில் கடந்துவிடும். கடந்ததும் அங்குள்ள புரதங்களோடு வேதிப் பிணைப்பு கொள்கிறது. உடலின் சொந்தப் புரதமே புது உருவம் பெற்று நிற்க, தோலில் காவலிருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் அதை அந்நியமாகக் கருதி நிணநீர்க் கணுவுக்குச் செய்தி கொண்டுபோகின்றன. அங்கே அந்தப் பொருளை அடையாளம் காணும் டி-செல்கள் பெருகுகின்றன. இவ்வளவும் நடக்கையில் வெளியே ஒரு சிறு அரிப்புகூடத் தெரியாமல் இருக்கலாம். ஓரிரு வாரத்தில் உடல் ஆயத்தமாகிவிடும். அடுத்த முறை அதே பொருள் பட்டால், ஓரிரு நாள் கழித்து அந்த இடம் சிவந்து, தடித்து, அரித்து, சிலருக்குக் கொப்புளமும் போடும்.

ஒருமுறை ஏற்பட்டுவிட்ட இந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். அதை அழிக்கும் மருந்து இல்லை. பல ஆண்டுகளாக ஒரே சோப்பைப் பயன்படுத்தியவருக்குத் திடீரென்று ஒருநாள் அது ஒத்துக்கொள்ளாமல் போவதும், ‘இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே’ என்று அவர் வேறெதையோ சந்தேகிப்பதும் இதனால் நேர்கிறது. தோல் சிவந்தால் எல்லாமே ஒவ்வாமை என்றும் சொல்லிவிட முடியாது. சிட்ரல் செறிவாகப் பட்டால் யாருக்கும் எரிச்சல் தரும். அது உடனே தோன்றி, கழுவினால் தணியும். கைகளில் ஏற்கெனவே எக்சிமா உள்ளவர்களுக்கு இந்த இரண்டு தொல்லைகளும் சேர்ந்தே வரக்கூடும். வெடித்த தோல் வழியே எதுவும் எளிதாக உள்ளே போகும் என்பதால், நாளெல்லாம் எலுமிச்சை மணத் திரவத்தில் பாத்திரம் துலக்குவோர் கையுறை அணிவது அவசியம்.

ஒவ்வாமையைத் தூண்டுவது மொத்தத்தில் எத்தனை கிராம் என்பதைவிட, ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் எவ்வளவு படிகிறது என்பதுதான். சிட்ரலுக்கு ஒவ்வாமை தொடங்காது என்று கருதப்படும் உச்ச அளவாக, சதுர சென்டிமீட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் என்று தொழில்துறை ஆய்வாளர்கள் கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே அனுமதிப்பதில்லை. பொருளுக்கேற்பப் பத்து முதல் முந்நூறு மடங்கு வரை குறைத்த பிறகே ‘இஃப்ரா’ உச்சவரம்பு வகுக்கிறது. அக்குள், உதடு, முகம் என்று இடத்துக்கேற்ப வரம்பு மாறும். தடவி விட்டுவிடும் க்ரீமுக்கும் கழுவிவிடும் ஷாம்புவுக்கும் வேறு வேறு.

நீர்க்காத எலுமிச்சைப்புல் எண்ணெயை இதோடு ஒப்பிட்டால் நிலைமை தெளிவாகும். ஒரு சொட்டு ஏறக்குறைய 45 மில்லிகிராம். அதில் 35 மில்லிகிராம் சிட்ரலாக இருக்கலாம். நாணயம் அளவுள்ள 5 சதுர சென்டிமீட்டர் தோலில் அந்தச் சொட்டைத் தேய்த்தால், சதுர சென்டிமீட்டருக்கு 7,000 மைக்ரோகிராம். உச்ச அளவைப்போல் ஐந்து மடங்கு! கொசு அண்டாமல் இருக்கவும் மூட்டுவலிக்கும் இந்த எண்ணெயை நேரடியாகத் தேய்த்துக்கொள்வோர், கடையில் விற்கும் எந்த சென்ட்டும் தராத அளவைத் தங்கள் தோலுக்குத் தருகிறார்கள். மூலிகை என்பதால் தீங்கில்லை என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உண்மையாகவே கேடு செய்கிறது. தேங்காய் எண்ணெய் போன்ற ஒன்றில் நன்றாக நீர்த்து, மிகக் குறைந்த அளவில் பயன்படுத்துவதே முறை. முகத்திலும் புண்ணிலும் குழந்தைகளின் தோலிலும் அதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் உடனே தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும்.

சிட்ரலோடு லிமோனீனைச் சேர்த்தால் ஒவ்வாமை தடுக்கப்படும் என்ற கருத்து வாசனைத் தொழிலில் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1970களில் நடந்த சோதனைகளில், தனியே ஒவ்வாமை தந்த சிட்ரல் லிமோனீனோடு சேர்ந்தபோது தரவில்லை என்று தெரிந்தது. எலுமிச்சை எண்ணெயில் இயற்கையே அப்படிச் சேர்த்து வைத்திருக்கிறது என்ற எண்ணமும் அதற்கு வலுவூட்டியது. தொழில்முறை விதியாகவே அது இடம்பெற்றது. பின்னாளில் கவனமாகச் செய்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தாததால், இப்போது அளவைக் குறைப்பதே ஒரே வழியாக நிற்கிறது. லிமோனீன் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அதுவே ஒவ்வாமை தரும் என்பதும் இன்று தெரிந்த செய்தி. பாதி காலியாகி நாள்பட்ட எண்ணெய்ப் பாட்டிலைத் தோலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

வெயிலோடு தொடர்புடைய இன்னொரு தொல்லையைச் சிட்ரல்மேல் ஏற்றிச் சொல்வதுண்டு. எலுமிச்சை, பெர்கமோட் தோல்களைப் பிழிந்தெடுத்த எண்ணெய் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்து கருக்கும். அதற்குக் காரணம் அந்த எண்ணெய்களிலுள்ள ஃபியூரோகூமரின் என்ற வேறு பொருள்கள். காய்ச்சி வடித்த எலுமிச்சைப்புல் எண்ணெயில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு 1999இல் ஒவ்வாமை தரும் 26 வாசனைப் பொருள்களை அடையாளம் காட்டியது. சிட்ரல் அவற்றில் ஒன்று. 2005 முதல், தடவி விட்டுவிடும் பொருளில் 0.001 விழுக்காட்டுக்கும், கழுவிவிடும் பொருளில் 0.01 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தால் அதன் பெயரை உறையில் அச்சிட வேண்டும். 100 கிராம் க்ரீமில் 1 மில்லிகிராம் என்பது முதல் வரம்பு. 2023இல் வந்த புதிய விதி பட்டியலை 80க்கும் மேற்பட்ட பொருள்களாக விரித்திருக்கிறது. உறையில் சிட்ரல் என்று அச்சிட்டிருப்பது அந்தப் பொருள் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆகாது. ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர் விலகிக்கொள்வதற்கான தகவல் அது. மற்றவர்களுக்கு அதனால் கவலை வேண்டாம்.

சந்தேகம் உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர் ‘பேட்ச் டெஸ்ட்’ செய்வார். முதுகில் சிறு வட்டுகளில் வேறு வேறு பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டு, அன்றும் அதற்குப் பின்னும் தோலைப் பார்ப்பார்கள். வாசனைக் கலவை இரண்டு என்று மருத்துவர்கள் குறிப்பிடும் சோதனைப் பொருளில் உள்ள ஆறு பொருள்களில் சிட்ரலும் உண்டு. அதே ஆறில் ஒன்றான லைரல் பலருக்கு ஒவ்வாமை தந்ததால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் அழகுசாதனங்களில் அறவே தடை செய்யப்பட்டது. சிட்ரலுக்கு அந்த நிலை வரவில்லை; அளவோடு பயன்படுத்தலாம் என்பதே நடைமுறை.

சோதனையில் சிட்ரல் என்று உறுதியானவர், உறையில் அந்த ஒரு பெயரை மட்டும் தேடினால் போதாது. எலுமிச்சைப்புல் எண்ணெய், லிட்சியா கியூபேபா எண்ணெய், லெமன் மிர்ட்டில், எலுமிச்சைத் தோல் எண்ணெய் என்ற பெயர்களுக்குள்ளும் அது இருக்கிறது. இந்தியாவில் விற்கும் சில பொருள்களில் எல்லாவற்றையும் சேர்த்து ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒரே சொல்லோடு முடித்திருப்பதும் உண்டு. அத்தகையவற்றைத் தவிர்க்க வேண்டியிருக்கும். ‘மணமற்றது’ என்று விற்கும் சிலவற்றில் மூலப்பொருளின் வாடையை மறைக்க வாசனை கலந்திருப்பார்கள். ‘வாசனைப் பொருள் சேர்க்கப்படாதது’ என்று சொல்லும் உறையைத் தேர்ந்தெடுத்து, கூடவே பின்பக்கப் பட்டியலையும் ஒருமுறை படித்துப் பார்த்து வாங்குவது இவர்களுக்கு ஏற்ற வழி.